குற்றப்பத்திரிகைக்கும் சாட்சிக்கூண்டுக்கும் நடுவே

2020 செப்டம்பர் 29 அன்று திண்டுக்கல் மகளிர் நீதிமன்றம் ஒரு போக்சோ வழக்கில் தீர்ப்புச் சொன்னது. அதற்கு முந்தைய ஆண்டு ஏப்ரலில், வடமதுரை வட்டாரத்துக் கிராமம் ஒன்றில் பெற்றோர் வெளியே போயிருந்த நேரத்தில் ஒரு சிறுமி பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்ட வழக்கு அது. கைதாகியிருந்த இளைஞர் மீதான குற்றம் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்படவில்லை என்று நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. அந்தத் தீர்ப்பைக் கண்டித்து அக்டோபரில் தமிழகமெங்கும் முடிதிருத்தும் கடைகள் ஒரு நாள் அடைக்கப்பட்டன. அரசு உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் மேல்முறையீடு செய்தது. ஊர்ப்பெயரையும் குடும்பத்தையும் இங்கே சொல்லப் போவதில்லை. பாதிக்கப்பட்டவர் இறந்துவிட்டாலும் அடையாளம் காக்கப்பட வேண்டும் என்று 2018 டிசம்பரில் நிபுண் சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. தீர்ப்பு சரியா தவறா என்பதும் என் கேள்வி இல்லை. அதைச் சொல்ல வேண்டியது மேல்முறையீட்டு நீதிமன்றம். அன்றைக்கு நடந்த விவாதம் முழுவதும் நீதிபதியைச் சுற்றியே நடந்தது என்பதுதான் என் கவலை. ஒரு வழக்கு சாட்சிக்கூண்டுக்கு வருமுன், அதிலுள்ள ஆதாரம் தாங்குமா தாங்காதா என்று காவல் துறைக்கு வெளியே ஒருவர் உட்கார்ந்து பார்த்தாரா? அப்படிப் பார்க்க நம் சட்டத்தில் ஓர் இடமாவது இருக்கிறதா? இந்தக் கேள்வியை அன்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அமெரிக்காவில் அதற்கென்றே ஓர் அமைப்பு இருக்கிறது. கிராண்ட் ஜூரி என்பார்கள். கூட்டாட்சி நீதிமன்றங்களில் 16 முதல் 23 குடிமக்கள் கொண்ட குழு அது. பூட்டிய அறையில் கூடும். அரசு வழக்கறிஞர் சாட்சிகளை அழைத்துவருவார். எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு இடமில்லை, நீதிபதியும் உள்ளே இருக்கமாட்டார். குறைந்தது 12 பேர் சம்மதித்தால்தான் குற்றச்சாட்டு பதிவாகும். உள்ளே நடந்ததை உறுப்பினரோ அரசு வழக்கறிஞரோ வெளியே பேசினால் நீதிமன்ற அவமதிப்பு. குற்றவாளியா இல்லையா என்று இந்தக் குழு தீர்ப்பதில்லை. வழக்கை நடத்த முகாந்திரம் உண்டா என்பதை மட்டுமே பார்க்கும். இங்கிலாந்தில் பிறந்த இந்த ஏற்பாட்டை இங்கிலாந்தே 1933-இல் கைகழுவிவிட்டது.

நமக்கும் இது புதிதில்லை. 1665-இல் செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் அசென்ஷியா டாஸ் என்ற ஆங்கிலேயப் பெண், தன் அடிமைப் பெண்ணைக் கொன்றதாகக் குற்றம்சாட்டப்பட்டார். சென்னைக் கோட்டையின் தலைவருக்கு அப்படிப்பட்ட வழக்கை விசாரிக்க அதிகாரமே இல்லை என்ற சிக்கல் எழுந்தது. லண்டனிலிருந்து ஜார்ஜ் ஃபாக்ஸ்கிராஃப்டை ஆளுநராக்கி, ஜூரி வைத்து விசாரிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. கிராண்ட் ஜூரி வழக்குக்கு முகாந்திரம் உண்டு என்றது. பிறகு நடந்த விசாரணையில் அந்த அம்மாள் விடுதலையானார். செத்தது ஓர் அடிமைப் பெண், தீர்ப்புச் சொன்னது கோட்டைக்குள் இருந்த வெள்ளையர் கூட்டம் என்பதை மறக்கக் கூடாது. குடிமக்கள் குழு என்றாலே நியாயம் கிடைத்துவிடும் என்று நம்புகிறவர்கள் இந்த வழக்கிலிருந்து தொடங்குவது நல்லது. மாகாணத் தலைநகரங்களில் மட்டும் நீடித்த இந்த முறை 1865-இல் சட்டமியற்றி நீக்கப்பட்டது. மாவட்டங்களில் வேறொரு வடிகட்டி இருந்தது. 1898-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, கொலை போன்ற பெருங்குற்றங்களில் மாஜிஸ்திரேட் முதலில் சாட்சிகளை விசாரித்து, ஆதாரம் போதும் என்று கண்டால்தான் செஷன்ஸ் நீதிமன்றத்துக்கு வழக்கை அனுப்புவார். ஒரே சாட்சி ஒரே கதையை இரண்டு முறை சொல்ல வேண்டியிருக்கிறது, வழக்கு இழுக்கிறது, நடுவில் சாட்சியை விலைக்கு வாங்கிவிடுகிறார்கள் என்ற புகார்கள் குவிந்தன. 1955-இல் இந்த விசாரணை சுருங்கியது. 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இல்லாமலே போயிற்று.

இன்று எஞ்சியிருப்பது அதன் எலும்புக்கூடு. கீழ் நீதிமன்றத்தில் வழக்குக்கு இன்னும் 'பி.ஆர்.சி.' (முதற்கட்டப் பதிவு வழக்கு) எண் போடுகிறார்கள். குற்றம்சாட்டப்பட்டவரை நிறுத்தி, ஆவண நகல்களைக் கொடுத்து, கட்டை மேலே அனுப்பிவிடுவார்கள். ஆதாரத்தை யாரும் எடைபோடுவதில்லை. போக்சோ வழக்கில் அந்தச் சடங்கும் கிடையாது. 33-ஆம் பிரிவின்படி சிறப்பு நீதிமன்றமே நேரடியாக வழக்கை எடுத்துக்கொள்ளும். குழந்தை நான்கு இடம் அலையக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் செய்த ஏற்பாடு அது, குறை சொல்வதற்கில்லை. ஆனால் அதன் விளைவாக, இன்ஸ்பெக்டர் எழுதிய இறுதி அறிக்கையை அவருக்கு மேலதிகாரி அல்லாத ஒருவர் முதன்முதலாகப் பொறுப்போடு படிப்பது குற்றச்சாட்டு வனையும் நாளில்தான். அந்த நாளிலும் நீதிபதியின் கை பாதி கட்டப்பட்டிருக்கிறது. 1979-இல் வெளியான பிரபுல்ல குமார் சமல் தீர்ப்பு, நீதிபதி அரசுத் தரப்புக்குத் தபால் நிலையமாக இருக்கக் கூடாது, பலத்த சந்தேகத்துக்கு இடமிருக்கிறதா என்று சலித்துப் பார்க்க வேண்டும் என்றது. ஆதாரம் போதாது என்றால் அவர் விடுவிக்கலாம். போதும் என்றால் விசாரணைக்கு அனுப்பலாம். 'இது ஓட்டையாக இருக்கிறது, அடைத்துக் கொண்டுவா' என்று அந்தக் கட்டத்தில் அவர் தாமாகவே கட்டைத் திருப்பி அனுப்புவது வழக்கத்தில் இல்லை. நடுத்தரமான புலனாய்வு அப்படியே உள்ளே நுழைகிறது. ஒன்றரை ஆண்டு, இரண்டு ஆண்டு கழித்து, வெளியே கூட்டம் காத்திருக்கும் தீர்ப்பு நாளில் அதன் பலவீனம் அம்பலமாகிறது. குற்றம் செய்தவர் தப்பினாலும், செய்யாதவர் சிறையில் காலத்தைத் தொலைத்தாலும், இரண்டுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது.

இதை நான் புதிதாகச் சொல்லவில்லை. ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி வன்கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்ட குஜராத் வழக்கில், 2014 ஜனவரியில், குற்றம்சாட்டப்பட்ட கிஷன்பாயை விடுவித்த தீர்ப்பை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்ய வேண்டி வந்தது. புலனாய்விலும் அரசுத் தரப்பு வழக்கை நடத்தியதிலும் இருந்த ஓட்டைகளை வரிசையாக எண்ணிக் காட்டிய நீதிபதிகள், புலனாய்வு முடிந்ததும் அரசு வழக்கறிஞர் தரப்பு சுயமாக மனம் செலுத்திப் படித்து, குறைகளைத் திருத்தச் செய்த பிறகே வழக்கு நீதிமன்றத்துக்கு வர வேண்டும் என்றார்கள். ஒவ்வொரு விடுதலைக்குப் பிறகும் காரணத்தை ஆராய ஒரு நிலைக்குழு வேண்டும் என்றும் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டார்கள். திண்டுக்கல் குழந்தையின் வழக்கு அதற்கு ஐந்து ஆண்டுகள் பிந்தியது.

இனி எதிர்வாதங்கள். கிராண்ட் ஜூரி என்பதே அரசு வழக்கறிஞர் ஆட்டுவிக்கிறபடி ஆடும் பொம்மை, அதைப் பார்த்து நாம் கற்க என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். இந்தக் கேள்வியின் பலத்தை அமெரிக்கக் கோடீஸ்வரர் ஜெஃப்ரி எப்ஸ்டீனின் வழக்கைப் போல வேறெதுவும் காட்டாது. ஃப்ளோரிடாவின் பாம் பீச் காவல் துறை 2005-இல் விசாரணையைத் தொடங்கிப் பாதிக்கப்பட்ட பல சிறுமிகளைக் கண்டறிந்திருந்தது. 2006-இல் கிராண்ட் ஜூரி முன்னால் மாவட்ட அரசு வழக்கறிஞர் அலுவலகம் அழைத்து வந்தது இரண்டே பெண்களை. கடைசியில் பதிவான குற்றச்சாட்டு ஒன்றே ஒன்று: விபசாரத்துக்கு அழைத்தது. அந்த அறையில் என்ன நடந்தது என்பது 18 ஆண்டுகள் யாருக்கும் தெரியாது. ஃப்ளோரிடா தனிச் சட்டம் இயற்றிய பிறகு, 2024 ஜூலை 1 அன்று பதிவுகள் வெளியாயின. பாதிக்கப்பட்ட சிறுமியிடம் அவளுடைய இணையப் பக்கத்தைப் பற்றியும் நடத்தையைப் பற்றியும் கேட்டிருக்கிறார்கள். நீ செய்ததும் குற்றம்தான் என்று தெரியுமா என்ற தொனியில் கேள்வி போயிருக்கிறது. பணக்காரருக்குக் காவல் நின்றது அந்தப் பூட்டிய அறைதான். இன்னொரு பக்கமும் உண்டு. 2006-இல் வட கரோலினாவின் டர்ஹாமில் டியூக் பல்கலைக்கழக மாணவர் மூவர் மீது கிராண்ட் ஜூரி பாலியல் குற்றச்சாட்டைப் பதிவுசெய்தது. அடுத்த ஏப்ரலில் மாநிலத் தலைமை வழக்கறிஞர் அவர்கள் நிரபராதிகள் என்று அறிவித்தார். வழக்கைத் தொடுத்த மாவட்ட வழக்கறிஞரின் தொழில் உரிமமே பறிபோயிற்று. ஆக, குற்றவாளி தப்பவும் நிரபராதி மாட்டவும் அந்த அறை உதவியிருக்கிறது.

இருந்தும் முழுக்கத் தள்ளிவிட முடியவில்லை. பென்சில்வேனியாவில் ஒரு கிராண்ட் ஜூரி ஆறு கத்தோலிக்க மறைமாவட்டங்களின் ஆவணங்களை வரவழைத்து, சாட்சிகளை இரகசியமாகக் கேட்டு, குழந்தைகள் மீதான பாலியல் கொடுமை பற்றி 2018 ஆகஸ்டில் அறிக்கை கொடுத்தது. முந்நூறுக்கு மேற்பட்ட குருமார்கள், ஆயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகள். பெரும்பாலானவற்றில் வழக்குத் தொடரும் காலவரம்பு முடிந்திருந்தது என்பது கசப்பான உண்மை. எனினும் எழுபது ஆண்டு மௌனத்தை உடைத்தது, அந்த மூடிய அறையில் பேசிய சாட்சிகள்தான். பாம் பீச்சையும் பென்சில்வேனியாவையும் அருகருகே வைத்துப் பார்த்தால், இரகசியம் யாருக்கு என்பதே முதல் கேள்வி என்று புரிகிறது. ஓர் இடத்தில் அது பேசியவரைக் காத்தது. மற்ற இடத்தில் வழக்கைச் சுருக்கிய அதிகாரியைக் காத்தது.

இந்தக் கேள்வியோடு தமிழ்நாட்டைப் பார்த்தால் நம் நிலை இரண்டிலும் மோசம். 2019 மார்ச்சில் பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரே செய்தியாளர் முன்னிலையில் புகார் கொடுத்த மாணவியின் பெயரைச் சொன்னார். வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றிய அரசாணையிலும் பெயர் இருந்தது. 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொல்லி மதுரைக் கிளை உத்தரவிட்டது. பாடம் கற்றோமா? 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் நடந்த வன்கொடுமையில் முதல் தகவல் அறிக்கை அப்படியே காவல் துறை இணையதளத்திலிருந்து வெளியே போயிற்று. பாலியல் வழக்குகளின் எஃப்.ஐ.ஆரை இணையத்தில் ஏற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016-இலேயே சொல்லியிருந்தது. பழைய தண்டனைச் சட்டத்திலிருந்து புதியதற்கு மாறும்போது ஏற்பட்ட தொழில்நுட்பக் கோளாறு என்று விளக்கம் வந்தது. மறுபடி உயர்நீதிமன்றம், மறுபடி 25 லட்சம். கூடவே மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகளின் சிறப்புப் புலனாய்வுக் குழு. பெண்ணின் பெயரும் முகவரியும் வீதிக்கு வந்தன. எந்தப் பிரிவைச் சேர்த்தார்கள், எதை விட்டார்கள், ஏன் விட்டார்கள் என்பது மட்டும் இன்றுவரை எந்த வழக்கிலும் கோப்புக்குள்ளேயே கிடக்கிறது.

மூடிய அறை முறையாக அமைந்தபோது என்ன நடந்தது என்பதற்கும் இதே வழக்குகள்தான் சான்று. பொள்ளாச்சி வழக்கை சி.பி.ஐ. எடுத்தது, கோவை மகளிர் நீதிமன்றத்தில் மூடிய விசாரணை நடந்தது. 2025 மே 13 அன்று நீதிபதி நந்தினி தேவி ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை விதித்தார். 48 சாட்சிகளில் ஒருவர்கூடப் பிறழவில்லை என்றது அரசுத் தரப்பு. தமிழ்நாட்டு நீதிமன்றங்களை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய செய்தி என்று தெரியும். அண்ணா பல்கலைக்கழக வழக்கில், அடையாளம் கசிந்த பிறகும், ஐந்தே மாதத்தில் சென்னை மகளிர் நீதிமன்றம் குறைந்தது 30 ஆண்டுகள் கழியாமல் வெளியே வர முடியாத ஆயுள் தண்டனை கொடுத்தது. இரண்டிலும் உள்ளூர்க் காவல் நிலையத்துக்கு வெளியே இருந்து ஒரு கண் புலனாய்வைப் பார்த்தது. ஆனால் அந்தக் கண் கிடைக்க, மாநிலமே கொந்தளிக்க வேண்டியிருந்தது. திண்டுக்கல்லை ஒட்டிய ஒரு தனியார் செவிலியர் கல்லூரி மாணவிகள் 2021 நவம்பரில் தாளாளர் மீது பாலியல் புகார் சொல்லிச் சாலையில் உட்கார்ந்தார்கள்; அதன் பிறகே விஷயம் சூடுபிடித்து, அவர் நீதிமன்றத்தில் சரணடைந்தார். மறியல் செய்ய மாணவிகள் கூட்டம் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு என்ன வழி?

நம் சட்டத்தில் கிராண்ட் ஜூரியின் அறைக்கு மிக நெருங்கி வருவது மாஜிஸ்திரேட் வாங்கும் வாக்குமூலம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 164-ஆம் பிரிவு, இப்போது அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) 183-ஆம் பிரிவு. பெண் மாஜிஸ்திரேட்டாக இருப்பது நல்லது என்கிறது சட்டம். அழைத்துவந்த காவலர் அறைக்கு வெளியே நிற்பார். குழந்தையானால் அது நம்பும் ஒருவர் பக்கத்தில் இருக்கலாம். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு இடமில்லை. மிரட்டல் இல்லை, சொந்த விருப்பத்தில்தான் பேசுகிறாள் என்று உறுதிசெய்துகொண்ட பிறகு, அவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வார்கள். 2014-இல் சிவண்ணா வழக்கில் உச்ச நீதிமன்றம், தகவல் கிடைத்ததும் இதற்காக அவளை மாஜிஸ்திரேட்டிடம் அழைத்துச் செல்ல வேண்டும், 24 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் காரணத்தை எழுத வேண்டும், இறுதி அறிக்கை தாக்கலாகும்வரை நகலை எவருக்கும் காட்டக் கூடாது என்றது. 2020-இல் இன்னும் ஒரு படி இறுக்கி, நீதிமன்றம் வழக்கைக் கோப்பில் எடுத்த பிறகே நகல் என்றது. அறை இருக்கிறது, பூட்டு இருக்கிறது. குறை என்னவென்றால், உள்ளே இருக்கும் மாஜிஸ்திரேட்டுக்குக் கேட்டு எழுதும் வேலை மட்டுமே. அந்தப் பெண் சொன்ன இடத்தில் தடயம் எடுத்தார்களா, சொன்ன ஆளை விசாரித்தார்களா என்று பின்னால் கேட்கும் கடமை அவருக்கு இல்லை.

அப்படியானால் ஜூரியையே கொண்டுவரலாமே என்று கேட்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கடற்படை அதிகாரி நானாவதி மீதான கொலை வழக்கால்தான் இந்தியாவில் ஜூரி ஒழிந்தது என்று சினிமா புண்ணியத்தில் எல்லோரும் நம்புகிறோம். அந்த வழக்கு 1959-இல் நடந்தது, சட்ட ஆணையம் ஜூரி வேண்டாம் என்று 1958-இலேயே எழுதிவிட்டது. காரணங்கள் இன்றும் மாறவில்லை. வேடசந்தூரிலோ நத்தத்திலோ நிலக்கோட்டையிலோ 16 பேரைப் பொறுக்கி உட்கார வைத்தால், பெண் எந்தத் தெரு, பையன் எந்தத் தெரு என்பது அரை மணி நேரத்தில் அவர்களுக்குத் தெரிந்துவிடும். மாலைக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். பஞ்சாயத்துப் பேசி முடிப்பதற்கு நாமே ஆள் அமர்த்திக் கொடுத்தது போலாகும்.

ஆனாலும் சாதாரண மனிதர்களின் காதுக்கு ஓர் இடம் உண்டு. அதைக் காட்டியதும் இதே திண்டுக்கல் சமவெளிதான். 2021 ஜனவரியில் ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையின் இளம் தலித் தொழிலாளி கொலையுண்டார். மேற்பார்வையாளர் மீது வழக்குப் பதிவானது. அந்த ஆலையில் நீண்டகாலமாகவே பாலியல் தொல்லை இருந்துவந்ததாகச் சக தொழிலாளிகள் வாய்திறந்தார்கள். 2022 ஏப்ரலில் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம், ஆசியத் தரைக்கூலிக் கூட்டணி உள்ளிட்ட அமைப்புகளுக்கும் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்துக்கும் எச் அண்ட் எம் முதலிய வணிகப் பெயர்களுக்கும் நடுவே உண்டான உடன்படிக்கை உலகெங்கும் திண்டுக்கல் ஒப்பந்தம் என்றே அறியப்படுகிறது. தையல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெண்களிலிருந்தே கண்காணிப்பாளர்களைச் சங்கம் தேர்ந்து பயிற்சி கொடுக்கிறது. கெட்ட வார்த்தை, இடுப்பில் கை, ஷிப்ட் முடிந்து ஹாஸ்டல் போகும் வழியில் வழிமறிப்பு என்று எதுவானாலும் முதலில் அவர்கள் காதுக்குப் போகிறது. புகார் சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது என்பது ஒப்பந்தத்தின் விதி. மீறினால் ஆர்டர் போகும். இது நீதிமன்றம் இல்லை, பாலியல் வன்கொடுமை வழக்கை விசாரிக்கும் இடமும் இல்லை. விஷயம் கொலையில் முடிவதற்கு முன் காதில் போட்டுக்கொள்ளும் ஏற்பாடு. 2013-ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் சட்டத்தின் உள்ளகக் குழுவும் இதற்காகத்தான் பிறந்தது: பெண் தலைமை, வெளியிலிருந்து ஓர் உறுப்பினர், 90 நாளில் விசாரணை, அடையாளம் வெளியிடத் தடை. பல ஆலைகளில் அது சுவரில் ஒட்டிய பெயர்ப்பட்டியலாகவே இருக்கிறது. பட்டியலிலிருப்பவர் யார் என்று கேட்டால் ஸ்பின்னிங்கில் நிற்கும் பிள்ளைக்குத் தெரியாது.

பெருங்குற்றத்துக்கு வேண்டிய வடிகட்டி வேறு. அதை யார் கையில் கொடுப்பது? காவல் துறையின் தன்னுரிமையில் மற்றவர் தலையிடக் கூடாது என்ற கடைசி எதிர்வாதம் இங்கே வரும். அதற்கு ஆதாரமும் தமிழ்நாட்டு வழக்குதான். ஆர். சரளா எதிர் டி.எஸ். வேலு வழக்கில், அரசு வழக்கறிஞரின் கருத்தைக் கேட்டு இறுதி அறிக்கையைத் திருத்தித் தாக்கல் செய்யுமாறு சென்னை உயர்நீதிமன்றம் சொன்னதை 2000-இல் உச்ச நீதிமன்றம் ரத்துசெய்தது. புலனாய்வு போலீஸாருடையது, வழக்கறிஞர் அதற்குள் வரக்கூடாது என்றது. வழக்கறிஞர் கட்டளையிடக் கூடாது என்பது சரி. படித்துப் பார்த்து 'இந்த அறிக்கையோடு நான் கோர்ட்டுக்குப் போனால் தோற்பேன்' என்று எழுத்தில் சொல்லக்கூடாது என்று அதற்கு அர்த்தம் இல்லை; கிஷன்பாய் தீர்ப்பு அதைத்தான் கேட்டது. தாமதமாகும் என்பார்கள். பாலியல் வழக்கில் புலனாய்வுக்கு இரண்டு மாதம், குற்றச்சாட்டு வனைய அதற்கான முதல் விசாரணை நாளிலிருந்து 60 நாள் என்று புதிய சட்டம் கெடு வைத்திருக்கிறது. அதற்குள் ஒரு வாரம் ஒதுக்கினால் குடிமுழுகிவிடாது. டி.என்.ஏ. அறிக்கை வராமல் தாக்கலாகும் இறுதி அறிக்கையால் வாங்கும் வாய்தாக்களை எண்ணிப் பார்த்தவர்கள் தாமதத்தைப் பற்றிப் பேசமாட்டார்கள்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலிருக்கும் பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 20-ஆம் பிரிவு, அரசு வழக்கு நடத்தும் இயக்ககத்தில் வேலையைப் பங்கிட்டிருப்பதை ஒருமுறை வாசித்துப் பார்க்க வேண்டும். ஏழு ஆண்டு அல்லது அதற்கு மேல், ஆனால் பத்து ஆண்டுக்குக் கீழ் தண்டனை உள்ள வழக்குகளில் துணை இயக்குநர் காவல் அறிக்கையை ஆராய்ந்து சரிபார்ப்பார் என்று வெளிப்படையாக எழுதியிருக்கிறது. பத்து ஆண்டும் அதற்கு மேலும், ஆயுள், மரண தண்டனை உள்ள வழக்குகள் இயக்குநர் பொறுப்பு. அவர் வேலை கண்காணிப்பது, விரைவுபடுத்துவது, மேல்முறையீடு பற்றிக் கருத்துச் சொல்வது. அறிக்கையைச் சரிபார்க்கும் வார்த்தை அந்த வரியில் இல்லை. வன்கொடுமையும் போக்சோவின் கடுமையான பிரிவுகளும் விழுவது அந்த வரியில்தான். நடுத்தரக் குற்றத்துக்கு வடிகட்டி வைத்து, பெருங்குற்றத்தில் விடுதலைத் தீர்ப்பு வந்த பிறகு அப்பீலுக்கு மட்டும் கருத்துக் கேட்கும் இந்த எழுத்து, கைதவறியதா வேண்டுமென்றே விட்டதா என்று நாடாளுமன்றத்தில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. திருத்தம் தில்லியில்தான் வர வேண்டும் என்றும் காத்திருக்கத் தேவையில்லை. போக்சோ, மகளிர் நீதிமன்ற வழக்குகளில் இறுதி அறிக்கையோடு அரசு வழக்கறிஞரின் கையெழுத்திட்ட குறிப்பொன்றும் மூடிய உறையில் நீதிபதிக்குப் போக வேண்டும், பெண்ணின் பெயர் அதில் இருக்கக் கூடாது, தீர்ப்புக்குப் பிறகு அந்தக் குறிப்பு குடும்பம் கேட்டால் கிடைக்க வேண்டும் என்று மாநில அரசு ஓர் அரசாணை போட்டாலே திண்டுக்கல்லில் வேலை தொடங்கிவிடும். அரசு வழக்கறிஞர்கள் எதிர்ப்பார்கள். தோற்ற வழக்கில் தங்கள் குறிப்பே தங்களுக்கு எதிராகத் திரும்பும் என்று அஞ்சுவார்கள். அந்த அச்சம் வேண்டித்தான் இதைக் கேட்கிறோம்.